ஜூபால் சொன்னது

அர்லீத்தா தொங்கட்டான் போட்டுக்கொண்டு வந்திருந்ததை முதலில் பார்த்தது பக்கத்து மேஜை பெர்னெட்டா. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பார்த்ததைச் சொல்லாமல் விடுகிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

“என்னடி இது, காதுல தங்கம் ஆடுது? ஈஸ்டருக்குக்கூட இதை வெளிய எடுக்க மாட்டியே நீ!”

“சும்மா கெடந்துச்சு. எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

“தலைமுடியும் சும்மா கெடந்துச்சாக்கும்? மிஸ் ஓலாவோட முடி அலங்காரக் கடையில வியாழக்கிழமை பூரா உக்காந்து எழுந்தியாமே. அங்க நடக்கறது எனக்கு வந்து சேராதுன்னு நெனச்சியா?”

“பெர்னெட்டா, உன் புத்தகத்தை அடுக்கற வேலையைப் பாரு.”

“பாக்கறேன், பாக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அவன் வர்றதுக்குள்ள உதட்டுச் சாயத்தைக் கடிச்சே தின்னுடாத.”

டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில், கார்த் தொழிலாளர் சங்கத்தின் பழைய கூடத்தில், ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த விழா நடக்கிறது. படக்கதை வரைகிறவர்கள், விண்வெளிக் கதையும் பேய்க்கதையும் எழுதுகிறவர்கள், எழுதியதைத் தாங்களே அச்சடித்துத் தாங்களே சுமந்து வந்து விற்கிறவர்கள், எல்லாரும் எங்கள் கறுப்பின ஆட்கள்தான். வெளியே பெரிய கடைகளில் எங்கள் புத்தகத்தைப் பின்பக்க அலமாரியில் குப்புறப் போட்டு வைத்த காலத்திலேயே ஆரம்பித்த விழா இது. வாசலில் கெளுத்தி மீன் பொரிக்கிற புகை, உள்ளே அட்டைப்பெட்டி வாசனை. பெர்னெட்டா பேய்க்கதைக்காரி. அவளுடைய எல்லாக் கதையிலும் முதலில் சாவது வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரன்தான், அதனாலேயே நன்றாக விற்கும்.

அர்லீத்தாவின் மேஜையில் ஒரே ஒரு படக்கதை. ‘ஏழாவது ஆறு.’ பன்னிரண்டு இதழ்கள். பன்னிரண்டாவது வெளிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பழையதையே மறுபடி மறுபடி அச்சடித்துக் கொண்டுவந்து வைக்கிறாள். வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். “மிஸ் அர்லீத்தா, பதிமூணு எப்போ?” அவளும் முகம் மாறாமல், “அடுத்த வருஷம்” என்பாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த வருடம் அதை வரைந்த ரோடெல் வந்துவிடுவான் என்று ஒவ்வொரு வருடமும் அவள் உண்மையாகவே நம்பினாள்.

இந்த வருடம் ரோடெல் வருகிறான். விழா நடத்துகிறவர்கள் அவனைத் தலைமை விருந்தினராக அழைத்திருந்தார்கள். சுவரொட்டியில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அர்லீத்தாவின் கைப்பையில் பதிமூன்றாம் இதழின் கதைச்சுருக்கம் மடித்து வைத்திருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் திரும்பி வந்து அதை வரைய வேண்டும்.

ரோடெலும் அவளும் வேலை செய்த விதத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

சிலர் முழு வசனத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் படம் வரையச் சொல்வார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. அர்லீத்தா கதையை மட்டும் சொல்வாள். ‘கப்பலில் தண்ணீர் தீர்கிறது, கேப்டனும் மாலுமியும் சண்டை போடுகிறார்கள்’ என்கிற அளவுக்குத்தான். ரோடெல் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கம் பக்கமாக வரைந்து வருவான். படத்தில் எல்லாரும் வாயைத் திறந்திருப்பார்கள், ஆனால் ஒரு வார்த்தை இருக்காது. பேச்சுக் குமிழ் வைக்க இடம் மட்டும் மேலே வெள்ளையாக விட்டிருப்பான். பக்கத்தை அவள் சமையலறை மேஜையில் போட்டு, ஒவ்வொரு முகமாக விரலால் தட்டிக் கேட்பான்.

“என்ன சொல்றா? இவன் என்ன சொல்றான்?”

அர்லீத்தா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். புருவம் எங்கே ஏறியிருக்கிறது, தாடை எங்கே இறுகியிருக்கிறது என்று பார்ப்பாள். அப்புறம் எழுதுவாள். முகம் சொல்வதைத்தான் எழுத வேண்டும், எழுதுகிறவளுக்கு வேண்டியதை எழுதக் கூடாது. இது அவர்களுக்குள் எழுதாத சட்டம். இதனால்தான் ‘ஏழாவது ஆறு’ அந்தப் போடு போட்டது. புத்தகக் கடைகள் எடுக்காததை முடி அலங்காரக் கடைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். தலையை உலர்த்துகிற கூண்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாசித்துவிட்டு, “இந்தக் கேப்டன் எங்க அத்தை மாதிரியே பேசறாடி” என்று வீட்டுக்கு இரண்டு பிரதியாக வாங்கிப் போனார்கள்.

கதை இதுதான். இன்னும் முந்நூறு வருடம் கழித்து, மூடிப்போன கார்த் தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் ஒரு வான்கப்பல் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். விண்மீன்களுக்கு நடுவே கறுப்பு ஆறுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். கப்பலின் தலைவி கேப்டன் ஹெப்சிபா. மாலுமி ஜூபால். ஹெப்சிபாவின் முகம் யாருடையது என்று ரோடெல் சொன்னதில்லை, ஆனால் அர்லீத்தாவின் நெற்றியும் அவள் முறைக்கிற முறைப்பும் அதில் இருப்பது குருடனுக்கும் தெரியும். ஜூபாலின் முகத்தை அவன் கண்ணாடியைப் பார்த்து வரைந்தான்.

அர்லீத்தா அவனை விரும்பினாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. கதையில் ஹெப்சிபாவும் ஜூபாலும்கூட எடுக்கவில்லை. பக்கங்களை மடித்து, பின் அடித்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து அவன் காரில் கடை கடையாகப் போய் வைத்துவிட்டு, ஒரே பொட்டலத்தில் மீனும் ரொட்டியும் தின்றுவிட்டு வருவார்கள். அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியே போய்க்கொண்டிருக்கும் என்றும் தோன்றியது.

பன்னிரண்டாம் இதழில் கப்பல் ஏழாவது ஆற்றின் கரைக்கு வந்து நிற்கிறது. கடக்க வழியில்லை. ஜூபால் சின்னப் படகில் தனியாகப் போய்த் துறை தேட வேண்டும். அந்தப் பக்கங்களை ரோடெல் கொண்டுவந்து போட்ட அன்றைக்குத்தான் அவனுக்குக் கலிபோர்னியாவில் கார்ட்டூன் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்த சேதியும் வந்தது. அவன் அதைச் சொல்லிவிட்டுப் பக்கங்களை வைத்துவிட்டுப் போய்விட்டான். வழக்கமாக விரலால் தட்டிக் கேட்கிறவன் அன்றைக்குக் கேட்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் ஜூபால் கப்பலின் கதவருகே நிற்கிறான். தலைக்கவசம் கையில். திரும்பி ஹெப்சிபாவைப் பார்க்கிறான். வாய் திறந்திருக்கிறது.

அந்த முகம் என்ன சொல்கிறது என்று அர்லீத்தாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு இதழ் எழுதியவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அவள் கை வேறொன்றை எழுதியது. குமிழை வெட்டி, பசை தடவி, ஜூபாலின் தலைக்கு மேல் ஒட்டினாள். மறுநாளே அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

‘நான் திரும்பி வருவேன், கேப்டன். காத்திருங்க.’

ரோடெல் அதை மிஸ் ஓலாவின் கடையில்தான் பார்த்தான். நேரே அவள் சமையலறைக்கு வந்து நின்றான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அவன் இதைச் சொல்லல, அர்லீ.”

“நீ வரைஞ்சதுல ஒரு கோடுகூட நான் தொடல.”

“கோட்டை யாரு கேட்டா? அந்த மூஞ்சி என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இப்படி எழுதியிருக்க.”

“படிக்கறவங்க அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேணாமா? அதுக்காக எழுதினேன்.”

“படிக்கறவங்களுக்காகவா?” என்றான் அவன்.  அந்த வாரமே ஊரைவிட்டுப் போனான்.

முதல் வருடம் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் பேசினான். அடுத்த வருடம் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அர்லீத்தா நகரப் பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லியே சம்பாதித்தாள். நடுவில் ஒரு கல்யாணமும் செய்துகொண்டாள். நல்ல மனிதர். சில வருடத்திலேயே பிரிந்து போனார். போகும்போது, “உன் சமையலறையில ஒரு நாற்காலி எப்பவும் காலியாத்தான் இருக்கு. என்னை அதுல உக்காரவே விடல நீ” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் மறுக்கவில்லை.

வேறு ஆட்களை வைத்துப் பதிமூன்றை வரைந்து பார்க்கவும் செய்தாள். டொலீடோவிலிருந்து ஒருவன் வந்தான். புஜமும் தொடையும் பிரமாதமாக வரைவான். ஆனால் அவன் வரைந்த ஹெப்சிபாவின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரு வார்த்தை வரவில்லை. வாயை மட்டும் திறந்து வைத்திருந்தாள் பாவம். அர்லீத்தா அவனுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், ரோடெல் ஒரு நாளும் திரும்பி வருகிறேன் என்று சொன்னதில்லை. அவன் சார்பில் அவளே எழுதியதுதான் அது. தான் எழுதியதைத் தானே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேருந்து அறையில் மைக் முன்னால் இருக்கும்போதும், கல்யாண நாளன்றும், வாசலில் பனி வழித்த காலைகளிலும், அந்த ஒரு கட்டம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. ஏக்கம் என்று அதைச் சொல்வதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டியவள் ஒரு படத்தில் இருக்கிறவனுக்காக ஏங்குகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? சிரிக்கட்டும். ஏங்கத்தான் செய்தாள்.

ரோடெல் மதியத்துக்கு மேல் வந்தான். கூடத்துக்குள் ஒரே கைதட்டல். அர்லீத்தா எழுந்து நிற்கவில்லை, கை மட்டும் மேஜை விரிப்பை இழுத்து இழுத்துச் சரி செய்தது. ரோடெலின் தலையில் ஒரு காலத்தில் காடாக இருந்த முடி முழுக்கப் போயிருந்தது. ஒரு முட்டியில் பட்டை கட்டியிருந்தான். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். கூடத்தின் அந்தக் கோடியில் அவனுக்கு ஒரு மேஜை. உட்கார்ந்த உடனே முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது. இந்த விழாவில் அது வழக்கம். வரிசையில் நின்று, பிடித்த பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் ஓவியர் ஒரு தாளில் வரைந்து, பெயர் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்.

“போயேன்டி” என்றாள் பெர்னெட்டா.

“அவனே வரட்டும்.”

“அவனுக்கு முட்டி போயிடுச்சு. உனக்கு ரெண்டும் நல்லாத்தான இருக்கு? எழுந்திரு. உன் மேஜையை நான் பாத்துக்கறேன். ரெண்டு பிரதி வித்தாலும் கணக்குச் சொல்லிடறேன், போ.”

“என்னன்னு போய் நிக்கறது?”

“ஊர்ல இருக்கறவங்க என்னன்னு நிக்கறாங்க? படம் வேணும்னு நில்லு. பேசறதுக்கு வாய் வரலன்னா படமாவது கெடைக்குமில்ல.”

அர்லீத்தா போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்ததும் முன்னால் இருந்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “மிஸ் அர்லீத்தா, நீங்க எதுக்கு வரிசையில? முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க” என்று வழி விட்டார்கள். அவள் நகரவில்லை. 

அவளுக்குப் பின்னால் லவோன் வந்து சேர்ந்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன், வருடா வருடம் ஜூபால் வேடத்தில் வருவான். அவன் மனைவி குளிர்காலக் கோட்டுக்கு வெள்ளிச் சாயம் பூசித் தைத்துக் கொடுத்த உடை. தைத்தபோது சரியாக இருந்தது, இப்போது தொப்பை ஜிப்பை மூட விடுவதில்லை.

“மிஸ் அர்லீத்தா! நீங்களும் வரிசையா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சே கேட்டுடறேன், பதிமூணு எப்போன்னு.”

“மெதுவா பேசு லவோன்.”

“ஏன் மெதுவா? வாக்குக் கொடுத்தவன் வந்தாகணும்ல? பன்னெண்டாம் நம்பர், கடைசிக் கட்டம். ‘நான் திரும்பி வருவேன், கேப்டன். காத்திருங்க.’” கையை நெஞ்சில் வைத்து, குரலைக் கனமாக்கிச் சொன்னான். வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“அதை இன்னும் மனப்பாடமா வெச்சிருக்கியா?”

“மறக்க முடியுமா? ராணுவத்துல என்னைப் பாலைவனத்துல கொண்டுபோய்ப் போட்டாங்கல்ல, அப்போ எங்கம்மா அனுப்பின பார்சல்ல இது இருந்துச்சு. சாக்ஸுக்குள்ள சுருட்டி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு நாளும் கடைசிக் கட்டத்தைப் பாத்துட்டுத்தான் படுப்பேன். ஜூபாலே திரும்பி வர்றேன்னு சொல்றான், நீ வரமாட்டியாடான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். உங்ககிட்ட இதைச் சொன்னதில்லல்ல?”

“சொன்னதில்ல” என்றாள் அர்லீத்தா.  முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வரிசை மெல்ல நகர்ந்தது. ஒரு பெண், முடிக்குத் தடவுகிற எண்ணெய்க் கறை படிந்த பழைய மூன்றாம் இதழைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனாள். ஒருவர் ஹெப்சிபாவைக் கேட்டார். ரோடெல் வரைவதை இப்போது பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. நாக்கைக் கடைவாயில் துருத்திக்கொண்டு வரைகிற அந்தப் பழக்கம் போகவில்லை. அர்லீத்தாவின் முறை வந்தது.

அவன் நிமிராமலே புதுத் தாளை இழுத்தான். “யாரை வரையணும்? என்ன பேரு போடட்டும்?”

“ஜூபால். பேரு அர்லீத்தா.”

பேனா நின்றது. அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தான். 

“வரிசையில நின்னா வந்த?” என்றான்.

“வேற எப்படி வர்றது? வாழ்த்து அட்டை அனுப்பியா?”

அவன் சிரித்துவிட்டான். “இன்னும் அதே வாய்.”

“வாய் மட்டும்தான் அப்படியே இருக்கு. உன் தலைமுடி எங்க போச்சு?”

“கம்பெனிக்காரன் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டான்.” மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். “அங்க நான் என்ன வரைஞ்சேன் தெரியுமா அர்லீ? மரம். வானம். சுவரு. பின்னணி மட்டும்தான். இத்தனை வருஷத்துல ஒரு மூஞ்சி வரைய விடல.”

“அப்போ இப்போ வரையேன்.” கைப்பையைத் திறந்து, மடித்த தாள்களை மேஜையில் வைத்தாள்.  “பதிமூணு. கதை மொத்தமும் இருக்கு. எனக்கு வேற யாரு வரைஞ்சாலும் பேச்சு வரமாட்டேங்குது, ரோடெல். நீ வந்துடு. இங்க வர வேணாம்னாலும் பரவால்ல, அங்கருந்தே அனுப்பு. எனக்கு மூஞ்சிங்க மட்டும் போதும்.”

சொல்லிவிட்டாள். இருபது வருடத்துக்கு மேல் மனதில் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டாள். மீதிப் பாதியை அவன் புரிந்துகொள்வான் என்று நின்றாள்.

ரோடெல் தாள்களைத் தொட்டான், பிரிக்கவில்லை. 

“ஜூபாலைத்தான கேட்ட?” என்றான் ரோடெல். “எப்படி நிக்கணும்?”

“கதவுகிட்ட. திரும்பி வந்து நிக்கறான்.”

அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வரைய ஆரம்பித்தான். கதவு வந்தது. தலைக்கவசம் கையில் வந்தது. முகத்துக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஜூபாலுக்கு வயதாகியிருந்தது, முடி போயிருந்தது.  வருகிறான், வருகிறான் என்று அர்லீத்தா உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். கண்கள் முடிந்தன. கடைசியாக வாயை வரைந்தான், திறந்த வாய். மேலே வழக்கம்போல வெள்ளையாக இடம் விட்டான். தாளை அவள் பக்கம் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்து, முகத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

“என்ன சொல்றான், அர்லீ?”

அவள் பார்த்தாள்.

அந்த முகத்தில் வருத்தம் இல்லை. அவள் எதிர்பார்த்த மன்னிப்பும் இல்லை. பழகியவர்கள் வீட்டை எட்டிப் பார்க்க வந்தவனின் முகம் அது. எல்லாரும் சௌக்கியமா என்று பார்த்துவிட்டான், சௌக்கியம்தான், வண்டி வெளியே நிற்கிறது. அவளிடம் அவனுக்குப் பிரியம் இருந்தது. அது கண்ணில் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவனுக்கு வேறு ஊர் இருக்கிறது, அங்கே அவனுக்கு மனக்குறை எதுவுமில்லை. புருவத்திலும் தாடையிலும் அவள் எவ்வளவு தேடியும் வேறு எதுவும் அகப்படவில்லை.

என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பேனா அவள் கையில்தான் இருந்தது. ‘வந்துட்டேன் கேப்டன்’ என்று எழுதினால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் கூடமே அதிரக் கைதட்டுவார்கள். ரோடெல் இந்தத் தடவை வாயே திறக்க மாட்டான், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அர்லீத்தா குனிந்து எழுதினாள். அவளுடைய பழைய கட்டை எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

‘என்னை எதிர்பார்க்காதீங்க, கேப்டன். நீங்க போங்க.’

குமிழை வரைந்து மூடினாள். ரோடெல் படித்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அதான்” என்றான். “அப்பவும் இதான் சொன்னான்.”

“அப்பவே தெரியும் எனக்கு.”

“நானாவது வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும். படத்துல சொன்னாப் போதும்னு இருந்துட்டேன்.” அவள் கையின் மேல் கையை ஒரு தடவை வைத்து எடுத்தான். மடித்த தாள்களைப் பிரிக்காமலே அவளிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

லவோன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க அர்லீத்தாவுக்குத் தைரியம் வரவில்லை.

“மிஸ் அர்லீத்தா, இது என்ன இது? வரமாட்டேங்கறான்? அப்போ பன்னெண்டாம் நம்பர்ல வர்றேன்னு சொன்னானே?”

அவள் திரும்பினாள். வெள்ளிச் சாயம் உதிர்ந்த கோட்டில், ஜிப் மூடாத தொப்பையோடு, ஜூபால் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அதை ஜூபால் சொல்லல, லவோன். அவன் மூஞ்சியில அது இல்லவே இல்ல. நான்தான் சொன்னேன். எனக்கு வேணும்னு அவன் வாயில எழுதிட்டேன். உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன், என்னையும் சேத்துத்தான்.”

 லவோன் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த பழைய பன்னிரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். பாலைவன மணல் இன்னும் அதன் மடிப்பில் இருந்தாலும் இருக்கும். முகத்தைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான்.

“அப்போ, திரும்பி வர்றேன், காத்திருங்கன்னு சொன்னது நீங்க.”

“ஆமா.”

“நான் அங்க படுத்துக்கிட்டுக் கேட்ட குரல் உங்க குரல்.”

“ஆமா லவோன்.”

“சரி” என்றான் அவன். “அப்போ நாங்க இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்தது உங்களுக்குத்தான். பதிமூணோட எப்போ வரப்போறீங்க?”

அர்லீத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொள்ளவில்லை. கையிலிருந்த படத்தில் மை இன்னும் ஈரமாக இருந்தது. அது அழிந்துவிடாமல் தள்ளிப் பிடித்தபடி, அடுத்தவருக்கு வழிவிட்டு வரிசையை விட்டு நகர்ந்தாள்.